நகல் பெறுநர்

ஐ ஹேவ் காப்பீடு மிஸ்டர் செல்வின்
என்று அடித்துவிட்டு நிற்கிறேன்.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்
காப்பீடு என்றல்லவா விழுகிறது,
என்னவோ செல்வின் சாருக்கு
நான் பாலிசி எடுத்துக் கொடுத்த மாதிரி.

காப்பியிங் யூ என்று போடலாமா,
கீப்பிங் யூ இன் காப்பியா?
பக்கத்து மேசை ஆவுடைத்தங்கத்திடம் கேட்டேன்.
"எனக்கும் சேத்து ஒரு காப்பி சொல்லு,
சக்கரை கம்மியா" என்றாள்
கணக்கிலிருந்து தலை தூக்காமல்.

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பில்
என்னைப் பார்த்து எழுதியவள் ஜெபக்கனி.
வராந்தாவில் முட்டி போட்டது ரெண்டு பேரும்.
ஐ வாஸ் காப்பீடு, சிஸ்டர்,
என்று சொல்லியிருக்கலாம்.
அந்த இங்கிலீஷ் அப்போது என்னிடம் இல்லை.

இந்த வரி கிடக்கட்டும்.
இதற்கு மேலே இருப்பதுதான் சங்கதி:
ஐப்பசி மழையில் நனைந்த பன்னிரண்டு பெட்டி வால்வு,
ட்யூ டு தி நெக்லிஜென்ஸ் ஆஃப் அவர் லோடர்.
கோயம்புத்தூர் ஆபீஸுக்கு,
செல்வின் சார் சொல்லச் சொல்ல நான் அடித்தது.
ட்யூ டுவா ஓவிங் டுவா என்று
காலையில் அரை மணி நேரம் குழம்பினேன்.
நெக்லிஜென்ஸைப் பார்க்கவில்லை.

லோடர் என்றால் மாசானம் அண்ணாச்சி.
புரட்டாசிக் கடைசியில் ஜன்னலைத் தட்டி
"தாயி, தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு,
இங்கிலீசுல ஒரு வரி போட்டு விடுங்க" என்றார்.
போட்டேன்.
செல்வின் சாருக்கு மட்டும்.
நகல் வைப்பது அன்று எனக்கு
மரியாதைக் குறைவாய்த் தோன்றும்,
ஒருத்தரிடம் பேசும்போது
இன்னொருத்தரைக் கதவோரம் நிறுத்திவைப்பதுபோல்.

அனுப்பிய பெட்டியில் தேடினேன். கிடக்கிறது.
கைண்ட்லி அரேஞ்ச் எ டார்பாலின் அட் தி இயர்லியஸ்ட்.
பதில் இல்லை.

ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு என்று எழுதும்போதெல்லாம்
சிரிப்பு வரும் எனக்கு.
கையில் கொடுத்துவிட்டுக்
கண்டுபிடி என்பானேன்?
இன்றைக்குச் சிரிக்கவில்லை.
அட்டாச் செய்தேன்.

பிரிண்ட் ஒன்றோடு எடைமேடைக்குப் போனேன்.
கங்கைகொண்டான் காற்றில் தாள் படபடத்தது,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
வரி வரியாய்ச் சொன்னேன்.
நெக்லிஜென்ஸ் வந்த இடத்தில்
"கவனக்குறைவு" என்றேன்,
குரல் எங்கோ இறங்கிவிட்டது.
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல நான் எங்கன இருக்கேன்?"
அவர் லோடரைத் தொட்டுக் காட்டினேன்.
அவர் என்றுதான் இருக்கிறது,
அவர் இல்லை.
"பேரு கெடையாதா?"
கொஞ்ச நேரம் கழித்து,
"நனைஞ்சது நெசம். அத எழுதுங்க.
பேரையும் எழுதுங்க."

திரும்பி வந்து நெக்லிஜென்ஸைத் தூக்கினேன்.
கிழிந்த தார்ப்பாய் என்றும்
முன்பே சொன்னவர் மாசானம் என்றும் அடித்தேன்.
கம்ப்யூட்டர் அந்தப் பெயருக்கு அடியில்
நெளிநெளியாய்ச் சிவப்புக் கோடு போட்டது.
போடட்டும்.
கடைசி வரியில் காப்பீடு
அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்,
பாலிசி யார் பேரில் என்பதுதான்
இனி விஷயம்.

நாலரைக்கு ரிப்ளை ஆல் வந்தது.
நோட்டட்.
அவ்வளவுதான், ஒரு முற்றுப்புள்ளியோடு.
ஆவுடைத்தங்கம் எட்டிப் பார்த்தாள்.
"நல்லதா சொல்லுதாவளா, கெட்டதாவா?"
எந்தக் கிராமரிலும் அதற்குப் பதில் இல்லை.

தாழையூத்து பஸ் ஐந்தே காலுக்கு.
கிழக்கே மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.
உரச்சாக்குகளை வெட்டி விரித்து
பெட்டிகளை மூடிக்கொண்டிருக்கிறார் அண்ணாச்சி,
சட்டைப் பையில் நாலாய் மடித்த தாள்
வெள்ளையாய்த் துருத்திக்கொண்டு.